டி டிரைவில் இருந்த படம்

மனு விசாரணையில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்
நாள்: 14.07.2025
மனுதாரர்: இசக்கிராஜா, கங்கைகொண்டான்
வாக்குமூலம் கொடுப்பவர்: கரோலின், வயது 51, த/பெ. சூசை மிக்கேல் (காலமானார்), மாடி வீடு, சமாதானபுரம், பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

நான் மேற்கண்ட முகவரியில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் உவரி. எனக்குத் திருமணம் ஆகவில்லை. என்னோடு இருந்த என் தாயார் காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். வண்ணார்பேட்டையில் மணிராஜ் என்பவர் நடத்தும் பிளக்ஸ் கடைக்கு, என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போஸ்டர்களும் பிளக்ஸும் டிசைன் செய்து கொடுத்து வருகிறேன். பல வருடமாக அவரிடம் வேலை செய்தாலும் அவரை நான் நேரில் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. வேலை வாட்ஸ்அப்பில் வரும், முடித்ததும் வாட்ஸ்அப்பில் போகும், கூலி போனில் ஏறும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் செய்வேன் என்றாலும், கண்ணீர் அஞ்சலிதான் என்னிடம் அதிகம் வரும். அந்த வேலைக்கு யாரையும் காக்க வைக்க முடியாது, நான் எப்போது கூப்பிட்டாலும் வீட்டில் இருப்பவள், காரணம் அவ்வளவுதான். மனுதாரர் இசக்கிராஜாவையோ, அவர் மனுவில் சொல்லியிருக்கும் அவருடைய அக்காள் கணவர் முத்துமாலையையோ எனக்குத் தெரியாது. முத்துமாலையிடமிருந்து நான் ஒரு டீத்தண்ணிகூட வாங்கிக் குடித்ததில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது தேவையில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். தேவை என்றேன்.

என் கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ் இருக்கிறது. ஒன்று பழையது. நான் பழகிய தமிழ் டைப் அடிக்கும் மென்பொருள் அதில்தான் ஓடும், ஆனால் அதில் இன்டர்நெட் சரியாக வராது. இன்னொன்று புதியது. இன்டர்நெட் அதில் வரும், ஆனால் என் தமிழ் டைப்பிங் அதில் ஏறாது. அதனால் பழையதைத் திறந்து டிசைன் செய்து முடித்து, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டு, புதியதைத் திறந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வழக்கம். என்னைப் போலத் தமிழ் டிசைன் செய்கிற பலரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

டிஸ்க்கின் பாகங்களுக்குச் சி, டி, இ என்று ஆங்கில எழுத்து உண்டு. அந்த எழுத்து டிஸ்க்கின் மேல் எழுதி ஒட்டியது அல்ல. எந்த விண்டோஸ் திறந்திருக்கிறதோ அது தன் வசதிக்கு வைத்துக்கொள்வது. ஒரே பெண்ணைப் பிறந்த வீட்டில் ஒரு பெயரும் புகுந்த வீட்டில் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. பழைய விண்டோஸில் என் வேலைகள் இருக்கும் பாகம் டி. புதிய விண்டோஸில் அதே பாகம் இ ஆகிவிடும், என் சொந்தப் படங்களும் பழைய வேலைகளின் நகலும் இருக்கும் வேறொரு பாகம் அங்கே டி ஆகிவிடும். ஆரம்பத்தில் இது எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. பிறகு வீடியோ பார்த்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்துக்குப் போய், இரண்டு எழுத்தையும் எடுத்துவிட்டு மாற்றி வைத்தேன். அதன் பிறகு எந்த விண்டோஸைத் திறந்தாலும் டி என்றால் வேலை, இ என்றால் என் சொந்தம் என்று ஒழுங்காக இருந்தது.

படத்தை நான் டிசைனுக்குள் ஒட்டி வைப்பதில்லை. படம் இருக்கும் இடத்தைக் காட்டி ஓர் இணைப்பு மட்டும் கொடுப்பேன். டி டிரைவில் அஞ்சலி என்ற ஃபோல்டரில் ஒன்று என்று எண் போட்ட படம் எதுவோ, அது போஸ்டரில் முகத்துக்கு வரைந்த சட்டத்துக்குள் தானாக வந்து உட்காரும். அடுத்தவர் இறந்தால் பழைய படத்தை எடுத்துவிட்டு அவர் படத்துக்கு அதே எண்ணைப் போட்டால் போதும். சட்டத்தை முதன்முதலில் அமைத்தபோது அளவு பார்க்க ஒரு முகம் தேவைப்பட்டது. உயிரோடு இருப்பவர் படத்தை மாலைக்கும் விளக்குக்கும் நடுவில் வைத்துப் பார்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், எனக்கும் மனசு வராது. யாருடைய படத்தையும் வைக்காமல் என் படத்தையே வைத்துப் பார்த்தேன். அது முப்பது வயது வாக்கில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காக ஸ்டுடியோவில் பட்டுச்சேலை கட்டி எடுத்த படம். அளவு பார்த்த அந்த அஞ்சலி ஃபோல்டரின் நகல் என் சொந்தப் பாகத்தில் அப்படியே கிடந்தது. அதை நான் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இந்த மாதம் முதல் வாரத்தில் கரண்ட் விட்டு விட்டு வந்ததில் புதிய விண்டோஸ் திறக்காமல் போனது. முருகன்குறிச்சியில் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் ஜாபேஸ் என்பவரிடம் சி.பி.யூவை ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் புதிய விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. மறுபடி ஏற்றும்போது நான் மாற்றி வைத்த எழுத்துகள் போய்விட்டன, பழையபடி வேலை இ என்றும் என் சொந்தம் டி என்றும் ஆகிவிட்டது. கொண்டுவந்ததும் அதை நான் திறந்து பார்த்திருக்க வேண்டும். இணைப்பில் படம் இல்லை என்றால் மென்பொருள் கத்தும், அப்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியம் மணிராஜ் அவர்கள், கங்கைகொண்டானில் இறந்துபோன, மனுதாரரின் தாயார் இசக்கியம்மாள் என்பவருக்குப் பதினாறாம் நாள் அஞ்சலி போஸ்டர் என்று படமும் பெயர்களும் அனுப்பினார். நான் பழைய விண்டோஸில் டிசைன் செய்து, புதியதில் வந்து மாதிரி அனுப்பினேன். அதில் இசக்கியம்மாள் அவர்களின் படம்தான் இருந்தது. மனுதாரர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னதாக மணிராஜ் கூறினார். பொழுது சாயும் நேரத்தில் அவரே மறுபடி போன் செய்து, "யக்கா, மருமவன் முத்துமாலை பேரத் தூக்கணுமாம்க்கா. வீட்டுக்குள்ள ஏதோ சண்ட. ஒட்டுத ஆளுக வண்டியோட நிக்கானுவ, சட்டுனு அனுப்புங்க" என்றார். அப்போது நான் புதிய விண்டோஸில் இருந்தேன். பெயர் சேர்ப்பதாக இருந்தால் டைப் அடிக்கப் பழையதற்குப் போயிருப்பேன். எடுப்பதுதானே, இங்கேயே எடுத்துவிடலாம் என்று அதிலேயே ஃபைலைத் திறந்தேன்.

மென்பொருள் டி டிரைவில் அஞ்சலி ஃபோல்டரில் ஒன்று என்ற படத்தைத் தேடியது. அங்கேயும் அதே பெயரில் ஃபோல்டர் இருந்தது, அதே எண்ணில் படம் இருந்தது. அதனால் அது கத்தவில்லை. நான் அடியில் இருக்கும் பெயர் வரிசையைப் பெரிதாக்கி வைத்து, முத்துமாலை பெயரை எடுத்து, அந்த இடைவெளி தெரியாமல் மற்ற பெயர்களை நெருக்கி வைத்தேன். அஞ்சலி போஸ்டரில் சண்டை வருவதெல்லாம் பெயர் வரிசையில்தான், முகத்தில் இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை. அதனால் என் கண் முழுக்கக் கீழேயே இருந்தது. மேலே ஏற்றிப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். தப்பு இதுதான். வேறு ஒருவர் தூண்டுதலும் இதில் இல்லை.

அதன் பிறகு சனிக்கிழமை காலை மீன் வாங்க சமாதானபுரம் முக்குக்குப் போனேன். சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. இசக்கியம்மாள் என்ற பெயருக்கு மேல் என் முகம் இருந்தது. முதலில் யாரோ தெரிந்த முகமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பிறகுதான் சேலை தெரிந்தது. மீன் விற்கும் பெண் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் திரும்பிப் பார்த்து, "பாவம்க்கா, மொகத்தப் பாத்தா நல்ல பொம்பளயாத் தெரியுது. இந்த வயசுல போயிட்டாளே" என்று என்னிடமே சொன்னார். வாரத்துக்கு இரண்டு தடவை நான் அவரிடம் மீன் வாங்குகிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு, சாளை மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் மணிராஜுக்குப் போன் செய்து படம் மாறிவிட்டது என்று சொன்னேன். அதற்கு முன்பே மனுதாரரின் ஆட்கள் கடையில் நின்றார்கள் என்பது சத்தத்தில் தெரிந்தது. மனுதாரர் போனை வாங்கி என்னிடம், "எங்க அம்மை மொகம் எங்க போச்சு? சொல்லுங்க. யாரு மொகத்துக்கு நாங்க வெளக்கேத்த?" என்று கேட்டார். சரியான படத்தோடு வேலையை உடனே திருப்பிச் செய்து தருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை விசேஷம், வண்டி எல்லாச் சுவரிலும் ஒட்டிவிட்டுப் போய்விட்டது என்றார். அவருக்கு நான் செய்தது பெரிய அநியாயம், அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். மருமகன் பெயரை எடுத்த கையோடு தாயார் முகமும் மாறியதால், முத்துமாலைதான் ஆள் வைத்துத் தன் வீட்டுப் பெண் படத்தைப் போடவைத்தார் என்று அவர் நினைத்ததையும் நான் குறை சொல்லமாட்டேன்.

மணிராஜிடம், அனுப்புவதற்கு முன்பு நீங்களாவது பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அவர், "பாத்தேன்க்கா. யாரோ ஒரு பொம்பள. செத்தவியதான்னு நெனச்சேன்" என்றார். அது என் படம் என்று நான் சொன்னேன். அப்படியா என்றார்.

அன்றைக்கும் மறுநாளும் இசக்கியம்மாளைத் தெரிந்தவர்கள் கங்கைகொண்டானிலிருந்தும், தாழையூத்திலிருந்தும், மும்பையிலிருந்தும்கூட, படத்தில் இருப்பது அவர் இல்லை என்று மனுதாரருக்குப் போன் செய்ததாக மனுவில் எழுதியிருக்கிறார். அதே போஸ்டர் என் தெருவிலும், நான் பூசைக்குப் போகும் கோயிலுக்கு எதிரிலும், மார்க்கெட்டிலும் இருந்தது. அது நான் என்று எனக்கு ஒரு போன் வரவில்லை. போன் சார்ஜில்தான் இருந்தது, சத்தமும் கூட்டித்தான் வைத்திருந்தேன்.

இன்று காலை உதவி ஆய்வாளர் விஜயஸ்ரீ அவர்களும் ஒரு காவலரும் என் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். வீட்டில் ஒரு நாற்காலிதான் இருந்ததால் உதவி ஆய்வாளரை அதில் உட்காரச் சொன்னேன், காவலர் நின்றுகொண்டார். நான் பழைய விண்டோஸைத் திறந்து டி டிரைவைக் காட்டினேன், இசக்கியம்மாள் படம் வந்தது. பிறகு அணைத்துப் போட்டுப் புதியதைத் திறந்து டி டிரைவைக் காட்டினேன், என் படம் வந்தது. காவலருக்கு விளங்கிவிட்டது. மறுபடி இப்படி ஆகாமல் இருக்க அவர்கள் முன்னிலையிலேயே புதிய விண்டோஸில் எழுத்துகளை மாற்றி, வேலைக்கு டி என்றும் என்னுடையதற்கு இ என்றும் வைத்தேன். தமிழ் டைப்பிங் எப்படி ஓடுகிறது, மாலைக்குப் படம் எங்கே எடுக்கிறேன் என்று கேட்டதற்கெல்லாம் கேட்காததையும் சேர்த்து நான் சொல்லிக்கொண்டே இருந்ததாகவும், போதும்மா என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்ததாகவும் உதவி ஆய்வாளர் சொல்கிறார். இருக்கலாம். காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தார்கள்.

அதன் பிறகு என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். மனுதாரர் அங்கே இருந்தார். படம் எப்படி மாறியது என்பது சரி, ஆனால் மாறி வந்த படம் யாருடையது என்பதில்தான் வழக்கே இருக்கிறது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அது நான்தான் என்றால், தன் முகத்தைத் தானே அஞ்சலி போஸ்டரில் போட்டுக்கொள்பவர் யாரும் இருக்கமாட்டார்கள், ஆகவே கைத்தவறு என்று முடித்துவிடலாம். முத்துமாலை வீட்டுப் பெண் என்றால் என் மேலும் மணிராஜ் மேலும் வழக்குப் பதிய வேண்டியிருக்கும். மனுதாரர் போஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவிய வேற, படத்துல இருக்கது வேற" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தைராய்டு வந்து நான் உருமாறிவிட்டேன், முன்தலையில் முடியும் இல்லை. ஆதார் அட்டையைக் கொடுத்தேன். அதில் இருப்பது யார் என்று எனக்கே தெரியாது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? மணிராஜை வரவழைத்துக் கேட்டார்கள். அக்காவின் குரல்தான் தனக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், மேலே யாரோ ஒரு அம்மா இருப்பதாகத் தெரியும் என்றார்களாம். அந்த வயதில் என்னைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று உதவி ஆய்வாளர் கேட்டபோது, யோசித்துப் பார்த்து, என் அண்ணன் மரிய அந்தோணி உவரியில் இருக்கிறார், ஆனால் நான் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார் என்றேன்.

காரணம் கேட்டார்கள். எங்கள் தாயார் கொரோனா காலத்தில் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தார். அண்ணன் அப்போது கேரளாவில் படகு வேலையில் இருந்தார். உடலை வீட்டுக்குத் தரவில்லை, அன்றே பாளையங்கோட்டையில் அடக்கம் நடந்தது, தூரத்தில் நின்று நான் ஒருத்தி பார்த்தேன். ஊரடங்கில் பாஸ் வாங்கி அவர் வந்து சேரும்போது மண் காய்ந்திருந்தது. அம்மாவின் முகத்தைக் காட்டாமல் புதைத்துவிட்டாய் என்று கல்லறையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனவர்தான். பிறகு பேசவில்லை. நான் விடாமல் போன் செய்து பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

உதவி ஆய்வாளர் தன் போனிலிருந்து அண்ணனை அழைத்தார். பெயர் தெரிந்தால் சாட்சி கெட்டுவிடும் என்று, போஸ்டரில் மாலையும் விளக்கும் முகமும் இருக்கும் மேல்பாதியை மட்டும் படம் எடுத்து, பெயர் இல்லாமல் வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பக் காவலரிடம் சொல்லியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டு, எங்களில் யாரும் பேசக் கூடாது என்று சைகை காட்டினார். பாளையங்கோட்டையிலிருந்து போலீஸ் பேசுவதாகவும், அனுப்பிய படத்தில் இருப்பவரைத் தெரிகிறதா என்றும் கேட்டார். காற்றுச் சத்தம் கேட்டது, கரையில் நின்றிருப்பார். பார்க்கிறேன் என்றார்.

பிறகு அண்ணன் பேசிய குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எந்தங்கச்சி. கரோலின். எப்பம் செத்தா?" என்றார். உதவி ஆய்வாளர் பதில் சொல்வதற்குள், "யம்மா, அடக்கம் பண்ணிராதிய. அம்மைக்குப் பண்ணுன மாதிரி இவளுக்கும் பண்ணிராதிய. நான் வந்துருதேன், இப்பமே பஸ் ஏறுதேன். மொகத்த மட்டும் மூடாம வைங்க தாயி" என்று சொல்லி, சத்தம் போட்டு அழுதார்.

உதவி ஆய்வாளர் உடனே சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இதை எழுதும்போது கேட்கிறார். சனிக்கிழமையிலிருந்து ஊர் முழுக்கச் செத்துக் கிடந்தேன், எனக்காக ஒருவர் அழுவதை அப்போதுதான் கேட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல இருந்தது. அது பாவம்தான், ஆனாலும் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். மனுதாரர் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு நானே போனுக்குப் பக்கத்தில் போய், "அண்ணே, நாந்தான் பேசுதேன். நான் சாவல" என்றேன்.

அழுகை நின்றது. காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அண்ணன், "ஏட்டி, ஒனக்கு அழுவ வேண்டியத நான் இப்பமே அழுது முடிச்சிட்டேன். இனிமே செத்தா எனக்குச் சொல்லாத" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

படத்தில் இருப்பவர் கரோலின் என்று உடன்பிறந்தவர் அடையாளம் காட்டியதாக உதவி ஆய்வாளர் குறித்துக்கொண்டார். மனுதாரர் தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். இசக்கியம்மாள் அவர்களின் படத்தோடு போஸ்டரை நானும் மணிராஜும் எங்கள் பொறுப்பில் அச்சடித்து, ஒட்டிய எல்லா இடத்திலும் பழையதன் மேல் ஒட்டிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். அண்ணன் சொன்னது கோபத்திலா, இல்லை உறவு விட்டது என்ற அர்த்தத்திலா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் எண்ணை என் போனில் இருந்து அழைத்துப் பார்க்கலாமே என்றார். இப்போது வேண்டாம், அவர் பஸ் ஏறியிருந்தாலும் ஏறியிருப்பார், அழைத்தால் இறங்கிவிடுவார் என்றேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இந்த வாக்குமூலம் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டாமல் குறைக்காமல் நடந்தது நடந்தபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சூ. கரோலின்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது:
(ஒப்பம்) விஜயஸ்ரீ, உதவி ஆய்வாளர்